பூசல் நிலத்தில் செஞ்சிலுவை

ஒரு நிலம் யாருக்கு உரியது என்று இரு தரப்பினர் போரிட்டுக்கொண்டிருக்கின்றனர். அந்நிலத்தின் நடுவே பசியால் வாடும் குழந்தைகள் இருக்கின்றனர். அவர்களுக்குப் பால்மா கொண்டுசெல்ல விரும்பும் ஒருவர் யாரிடம் அனுமதி கேட்பது? நிலம் தனதென்று கூறும் அரசிடமா? அதை அன்று தன் கையில் வைத்திருக்கும் தரப்பிடமா? முன்னவரிடம் கேட்டால், தமது இறைமை மறுக்கப்பட்டது என்று பின்னவர் சினப்பர். பின்னவரிடம் கேட்டால், கலகக்காரருக்கு அரசு என்னும் மதிப்பு அளிக்கப்பட்டது என்று முன்னவர் குற்றஞ்சாட்டுவர். ஒருவரிடமும் கேளாது சென்றால் வழியிலே சுட்டு வீழ்த்தப்பட நேரும்.

செஞ்சிலுவைக் கொடி தாங்கிய கப்பலொன்று போர்முனையைக் கடந்து நோயாளரை ஏற்றிச் செல்வதைக் கண்ட இலங்கை நேயர்கள் பலர் உளர். அந்தக் கொடி ஒரு துணித்துண்டே. அதைச் சுடாதிருக்க இரு தரப்பும் இசைந்திருக்கும்வரை மட்டுமே அதற்கு வலிமை உண்டு. அவ்விசைவு எவ்வாறு பெறப்படுகிறது, எவ்வாறு முறிகிறது என்பதை 1967 முதல் 1970 வரை மேற்கு ஆபிரிக்காவில் நடந்த நைஜீரியப் போர் தெளிவாகக் காட்டிற்று. பயாப்ரா என்னும் பெயர் இன்று எந்த நாட்டுப் படத்திலும் இல்லை. ஆயினும், நிவாரணப் பணி செய்வோர் நடுநிலைமை பற்றி வாதிடும் இடங்களிலெல்லாம் அப்பெயர் இன்னும் எழுகின்றது.

நடுநிலைமை என்னும் சொல் செஞ்சிலுவையோடு சேர்ந்த வரலாறு நீண்டதன்று. 1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி வட இத்தாலியிலுள்ள சொல்பெரினோவில் நடந்த போரின்பின், கவனிப்பாரற்றுக் கிடந்த காயப்பட்டோரை ஹென்றி டூனாந்து என்னும் ஜெனீவா வணிகர் கண்டார். அண்மையிலிருந்த காஸ்திலியோனே ஊரின் பெண்கள் இன்ன படையினன் என்று பாராது அனைவருக்கும் நீரும் கட்டுத்துணியும் கொடுத்ததையும் அவர் கண்டார். 1863இல் ஜெனீவாவில் ஐவர் கொண்ட குழுவொன்று அமைந்தது. மறு ஆண்டு ஓகஸ்ட் 22ஆந் திகதி முதலாவது ஜெனீவா உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. அவ்வுடன்படிக்கை படை மருத்துவமனைகளையும் காயப்பட்டோரை ஏற்றும் வண்டிகளையும் நடுநிலையானவை என அறிவித்தது. அக்காலத்தில் அது எளிதாகவே இருந்தது. இரு வேந்தரின் படைகள் ஒரு வெளியிலே பொருதின. மருத்துவர் அவற்றிடையே சென்றனர். அந்த வெளி எந்த வேந்தனுக்கு உரியதென்று மருத்துவரை எவரும் கேட்கவில்லை.

ஒரே நாட்டுக்குள் ஒரு பகுதி பிரிந்து தனியரசு என்று தன்னை அறிவித்துக்கொள்ளும்போது சிக்கல் வேறாகின்றது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளை வகுத்தோர் இதை முன்னறிந்திருந்தனர். நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை உள்நாட்டுப் போர்களுக்கென எழுதப்பட்டது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு போன்ற பாரபட்சமற்ற அமைப்பொன்று போரிடும் தரப்புகளுக்குத் தன் சேவையை வழங்க முன்வரலாம் என்று அது கூறுகின்றது. அதன் இறுதியில் ஒரு சிறு வாக்கியம் உண்டு: இவ்விதிகளைக் கைக்கொள்வதனால் எத்தரப்பின் சட்ட நிலையும் மாறாது என்பதே அதன் பொருள். அரசுகள் இவ்வுறுப்புரைக்கு இணங்கியதற்கு இந்த வாக்கியமே பெருங் காரணம் எனலாம். கலகக்காரரோடு பேசி அவர் பகுதிக்கு உணவு அனுப்பினும், அதனால் அவர் நாடாகிவிடமாட்டார் என்னும் உறுதிமொழி அது.

1965இல் வியன்னாவில் கூடிய சர்வதேச செஞ்சிலுவை மாநாடு ஏழு அடிப்படைக் கொள்கைகளைப் பிரகடனஞ் செய்தது. அவற்றுள் பாரபட்சமின்மையும் நடுநிலைமையும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒன்றே என்று எண்ணுவோர் பலர். மோசமான காயத்தை முதலிலும் சிறு காயத்தைப் பின்னரும் கவனிக்கும் மருத்துவர் பாரபட்சமற்றவர். காயப்பட்டவன் எம்மலைக்காகப் போரிட்டானோ அம்மலை யாருக்கு உரியது என்பது பற்றி வாய் திறவாதிருப்பவர் நடுநிலையாளர். முன்னையது அறம். பின்னையது அந்த அறத்தைச் செய்வதற்கு வாயிலைத் திறந்து வைக்கும் உபாயம். பயாப்ராவில் எழுந்த வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டையே சுற்றி நின்றது.

நைஜீரியா 1960 ஒக்டோபர் முதலாந் திகதி பிரித்தானியரிடமிருந்து சுதந்திரம் பெற்றது. 1966 ஜனவரியிலும் ஜூலையிலும் இரு இராணுவப் புரட்சிகள் நிகழ்ந்தன. அவ்வாண்டு வட பகுதியில் இக்போ இன மக்கள் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர்; உயிர்தப்பியோர் திரள்திரளாகத் தம் பூர்வீகமான கிழக்குப் பிரதேசத்துக்கு ஓடினர். 1967 மே 27ஆந் திகதி, சமஷ்டி அரசின் தலைவர் யக்குபு கோவன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரிப்பதாக அறிவித்தார். மூன்று நாள் கழித்துக் கிழக்குப் பிரதேசத்தின் ஆளுநர் ஒடுமேக்வு ஒஜுக்வு, பயாப்ரா என்னும் தனியரசைப் பிரகடனஞ் செய்தார். ஜூலை 6ஆந் திகதி போர் மூண்டது. நிலத்தின் கீழ் எண்ணெய் இருந்தமையும் இப்பூசலின் ஒரு கூறு. இக்போ அல்லாத சிறுபான்மை மக்கள் பலர் அவ்வெல்லைக்குள் அகப்பட்டிருந்தமை மற்றொரு கூறு. பயாப்ராவுக்காகப் பரிந்து பேசியோர் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

1968 மே மாதம் போர்ட் ஹார்க்கோட் துறைமுகம் சமஷ்டிப் படையின் கைக்கு வந்தது. அத்துடன் பயாப்ரா கடலை இழந்தது. சுற்றிலும் முற்றுகை இறுகிற்று. இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோர் சுருங்கிக்கொண்டே வந்த ஒரு நிலத்துக்குள் நெருக்குண்டனர். அங்கு மரவள்ளியும் வள்ளிக்கிழங்கும் ஓரளவு விளைந்தன. புரதச்சத்தோ வெளியிலிருந்து வந்ததாகும். நோர்வேயிலிருந்து உலர்த்தி வரும் மீனை அம்மக்கள் பல்லாண்டுகளாக உண்டு வந்தனர். வடக்கிலிருந்து மாட்டிறைச்சி வந்தது. இரண்டும் நின்றன.

மாச்சத்து மட்டும் உண்டு புரதம் இல்லாத குழந்தைக்கு வரும் நோயை மருத்துவர் குவாஷியோக்கர் என்பர். வயிறும் கால்களும் வீங்கும், தலைமயிர் செம்பட்டையாகும், குழந்தை ஒன்றிலும் நாட்டமின்றிக் கிடக்கும். கானா நாட்டின் கா மொழிச் சொல் அது. அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தையின் நோயை அச்சொல் குறிக்கும் என்பதை, அங்கு பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1930களில் உலகுக்கு அறிவித்தார். 1968ஆம் ஆண்டுக் கோடையில் அக்குழந்தைகளின் படங்கள் ஐரோப்பியப் பத்திரிகைகளில் வெளிவந்தன. ஆபிரிக்கப் பஞ்சமொன்றை மேற்குலகின் வீடுகள் தொலைக்காட்சியிற் கண்டது ஏறத்தாழ அதுவே முதல் முறை.

உணவு அனுப்ப உலகம் ஆயத்தமாக இருந்தது. வழி எது என்பதே கேள்வி.

சமஷ்டி அரசு தரைவழியை முன்வைத்தது. தன் பகுதியில் இறக்கிச் சோதித்த பின் பாரவண்டிகளில் உணவை அனுப்பலாம் என்றது. அது நியாயமற்ற கோரிக்கையன்று. முற்றுகையைக் கடக்கும் பொருள்களைச் சோதிக்கும் உரிமையை, நாடுகளுக்கிடையிலான போருக்கென எழுதப்பட்ட 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையே முற்றுகையிடுவோருக்கு அளித்திருந்தது. பகைவனின் போர் வலிமை அதனால் பெருகும் என்ற அச்சத்துக்குத் தக்க காரணம் இருந்தால் வழிவிட மறுக்கவும் அது இடங்கொடுத்தது. ஆயினும் பயாப்ரா தரைவழியை ஏற்கவில்லை. பகைவர் கையால் வரும் உணவில் நஞ்சு இருக்கும் என்று அதன் மக்கள் அஞ்சினர். வண்டிக்காகத் திறக்கும் பாதையில் டாங்கியும் வரும் என்று அதன் படையினர் கருதினர். இவற்றினும் ஆழமான காரணமொன்று இருந்தது. லாகோஸ் அரசின் முத்திரை பெற்ற உணவை உண்பது, தாம் லாகோசின் குடிகள் என்று ஒப்புவதாகும்.

பயாப்ரா வான்வழியைக் கேட்டது. வெளிநாட்டிலிருந்து நேரே வந்து தன் விமானத் தளத்தில் இறங்கும் விமானம், அத்தளத்துக்கு உரியவர் யார் என்பதை மௌனமாகக் கூறும். அதனாலேயே லாகோஸ் அதை எதிர்த்தது. ஆக, சோறு எவ்வழியால் வருவது என்ற கேள்வி, நிலம் யாருடையது என்ற கேள்வியாகவே மாறிற்று. ஜெனீவாக் குழுவின் அதிகாரிகள் உணவைப் பற்றிப் பேசச் சென்ற ஒவ்வொரு மேசையிலும் மற்றவர்கள் இறைமையைப் பற்றியே பேசினர்.

குழு ஒரு நடுவழியைத் தேடிற்று. 1968 ஓகஸ்டில், ஒபிலாகு என்னுமிடத்தில் நிவாரணத்துக்கு மட்டுமே பயன்படும் விமான ஓடுபாதையொன்றைப் பயாப்ரா குழுவின் பொறுப்பில் விட்டது. அங்கு ஆயுதம் இறங்காது. அது நடுநிலை நிலமாக இருக்கும் என்பது ஏற்பாடு. கருத்து அழகியது. சமஷ்டி அரசு அதை ஏற்கவில்லை. தன் நாட்டு நிலத்தின் ஒரு துண்டை வேறொருவர் நடுநிலை என்று அறிவிக்கவும், அதைக் கலகக்காரர் தானஞ் செய்யவும் அதனால் எங்ஙனம் இயலும்? சில வாரங்களில் போர்முனை அவ்வழியே வந்தது, ஓடுபாதை பறிபோயிற்று. அந்தச் செப்டெம்பர் இறுதியில் அண்மையிலிருந்த ஒக்கிக்வே நகரைச் சமஷ்டிப் படை கைப்பற்றியபோது, நிவாரணப் பணியாளர் நால்வர் படைவீரரால் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

எஞ்சியிருந்தது ஊலி. பெருஞ்சாலையொன்றின் நேரான பகுதியை அகலப்படுத்தி ஆக்கிய ஓடுபாதை அது. பகலில் சமஷ்டியின் போர் விமானங்கள் வானத்தைக் காத்தமையால், ஊலி இரவில் மட்டுமே உயிர்த்தது. வரும் விமானங்கள் தம் விளக்குகளை அணைத்துக்கொண்டு கடற்கரையைக் கடக்கும். தரையிலிருந்து வரும் அடையாளத்துக்காக இருளில் வட்டமிடும். ஓடுபாதை விளக்குகள் சில கணங்களே எரியும். அதற்குள் விமானி இறங்கிவிட வேண்டும். மேலே சமஷ்டியின் குண்டுவீச்சு விமானமொன்று சுற்றிக்கொண்டே இருக்கும். விளக்கு எரியும் கணத்துக்காக அது காத்திருக்கும். பயாப்ரா இளைஞர் மூட்டைகளைத் தோளில் சுமந்து இறக்குவர். மருத்துவமனைகளுக்கான மருந்தும் பால்மாவும் உலர்மீனும் விடியுமுன் காட்டுக்குள் சென்றுவிடும். மோதியும் வீழ்ந்தும் விமானிகள் பலர் அங்கேயே மாண்டனர்.

இனி, கசப்பான உண்மையொன்று. அதே ஊலியில், அதே இரவில், ஆயுதம் ஏற்றிய விமானங்களும் இறங்கின. எது உணவு, எது துப்பாக்கி என்று மேலிருந்து குண்டு வீசுவோனுக்குத் தெரியாது. உண்மையில், நிவாரண விமானங்களின் நெரிசலே ஆயுத விமானங்களுக்குத் திரையாயிற்று. பகல் பறப்புக்கு இணங்கினால் இத்திரை கிழிந்துவிடும் என்பதைப் பயாப்ராவின் தலைவர்கள் அறிந்திருந்தனர். தொடக்கத்தில் நிலைமை இன்னும் விநோதமாக இருந்தது. வேறு விமானம் கிடைக்காமையால், ஆயுதம் கடத்தும் விமானியொருவரின் விமானங்களிலேயே செஞ்சிலுவைக் குழுவும் கிறித்தவ சபைகளும் கூலிக்கு இடம் பெற்றன. பால்மா ஏற்றிய விமானம் மறுநாள் துப்பாக்கி ரவை ஏற்றிற்று. நடுநிலைமையை எழுத்தில் வரையறுத்தோர் இக்காட்சியை எண்ணியிருக்கமாட்டார்கள்.

1968 செப்டெம்பர் முதல் குழு தன் சொந்த விமானத் தொடரை நடத்திற்று. முதலில் ஸ்பெயினுக்குரிய பெர்னாண்டோ போ தீவிலிருந்து அவை பறந்தன. ஒக்டோபரில் அத்தீவு எக்குவடோரியல் கினி என்னும் சுதந்திர நாட்டின் பகுதியாயிற்று; புதிய அரசு அயல்நாடான நைஜீரியாவைப் பகைக்க விரும்பாமல் பறப்புகளுக்குத் தடைகள் விதித்தது. குழு டஹோமி நாட்டின் கொட்டோனு நகருக்குப் பெயர்ந்தது. இன்றைய பெனின் அதுவே. சமஷ்டி வசமான பகுதிகளிலும் குழு பெரிய அளவில் உணவு வழங்கிவந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். அந்தப் பணியின் படங்கள் ஐரோப்பியப் பத்திரிகைகளில் அதிகம் வரவில்லை. முற்றுகைக்குள் சாகும் குழந்தையையே உலகம் பார்த்தது. முற்றுகைக்கு வெளியே உயிர் பிழைத்த குழந்தை செய்தியாகவில்லை.

கிறித்தவ சபைகள் வேறு வழியைக் கைக்கொண்டன. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இணைந்து, போர்த்துக்கலுக்குரிய சாஓ தோமே தீவிலிருந்து விமானங்களை அனுப்பினர். அவர்கள் லாகோசின் அனுமதியைக் கேட்டு நிற்கவில்லை. போர் முடியுமுன் அவர்களின் விமானங்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட முறை பறந்து, ஏறத்தாழ 60,000 தொன் பொருள்களைக் கொண்டுசென்றன. எண்ணற்ற உயிர்கள் அதனால் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும் போர்த்துக்கல் பயாப்ராவுக்குத் துணை நின்ற நாடு. நிவாரண நிறுவனங்கள் உள்ளூர்ச் செலவுக்காக மாற்றிய பணம் பயாப்ரா அரசுக்கு அந்நியச் செலாவணியாயிற்று. அந்நியச் செலாவணி ஆயுதமாயிற்று. கருணை போரை நீட்டித்ததா என்ற கேள்வியை அக்காலத்து ஆய்வாளர் பலர் எழுப்பியிருக்கின்றனர். நீட்டித்தது என்றே தோன்றுகின்றது. ஆனால் அவ்விடை அறிந்தும், ஓர் இரவின் பால்மா மூட்டைகளைச் சாஓ தோமேயில் தடுத்து நிறுத்தும் துணிவு எவருக்கு வரும்?

இந்தப் பின்னலை ஒரு மனிதரின் வாழ்வில் காணலாம். சுவீடன் நாட்டுப் பிரபு கார்ல் குஸ்தாவ் வொன் ரோசன் தேர்ந்த விமானி. 1935-36இல் இத்தாலி எதியோப்பியாவைத் தாக்கியபோது அங்கு செஞ்சிலுவை விமானமொன்றை ஓட்டியவர். அப்போரில் இத்தாலிய விமானங்கள் சுவீடன் செஞ்சிலுவையின் மருத்துவமனைமீதே குண்டு வீசின. 1968 ஓகஸ்டில் இவரே, முற்றுகைக்கு அஞ்சி நின்ற நிவாரண விமானங்களுக்கு, மரங்களின் உச்சியை ஒட்டித் தாழப் பறந்து வழி காட்டினார். உணவு மட்டும் போதாது என்னும் முடிவுக்குப் பின்னர் வந்தார். 1969 மே மாதம், சிறிய பயிற்சி விமானங்களில் எறிகணைகளைப் பொருத்தி, சமஷ்டியின் விமானத் தளங்களைத் தாக்கினார். இரக்கத்தால் தொடங்கி ஆயுதத்தில் முடிந்த அவருடைய பயணத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. அதன் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை என்பதே துயரம்.

இரு வாரங்களுக்குள், ஜூன் 5ஆந் திகதி அந்தி வேளையில், குழுவின் பணியில் ஈடுபட்டிருந்த சுவீடன் செஞ்சிலுவை விமானமொன்றைச் சமஷ்டியின் போர் விமானம் சுட்டு வீழ்த்திற்று. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். அது செஞ்சிலுவைக் குறி தாங்கிய, உணவு ஏற்றிய விமானம். அதைச் சுட்டது பெருங் குற்றமே. ஆனால் சுவீடன் நாட்டவர் ஒருவர் குண்டு வீசிச் சென்ற சில நாள்களின்பின், சுவீடன் நாட்டு விமானத்தின் சிலுவைக் குறியை நம்பும் மனநிலை அந்த வானத்தில் எஞ்சியிருக்கவில்லை. வொன் ரோசன் செஞ்சிலுவைக்காகப் பறந்து குண்டு வீசவில்லை. எனினும் போரில் அத்தகைய நுண்ணிய வேறுபாடுகள் நெடுநாள் நிலைப்பதில்லை.

அதன்பின் எல்லாம் விரைவாகச் சரிந்தன. மேற்கு ஆபிரிக்காவுக்கான குழுவின் ஆணையாளர் ஒகுஸ்த் லிண்ட், முன்னர் ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையாளராக இருந்தவர். அந்த ஜூன் மாதமே, நாட்டில் விரும்பத்தகாதவர் என்று சமஷ்டி அரசு அவரை அறிவித்தது. மாதத்தின் இறுதி நாளில், நிவாரணத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பையும் குழுவிடமிருந்து அது எடுத்துக்கொண்டது. குழு தன் விமானங்களை நிறுத்திற்று. அனுமதியின்றிப் பறப்பது அதன் இயல்பன்று. சபைகளோ சிறிது தயங்கிய பின் மீண்டும் பறந்தன. செப்டெம்பர் 13ஆந் திகதி குழுவும் லாகோசும் பகற்பறப்புக்கு ஓர் உடன்பாடு செய்தன. அப்பறப்புகள் சமஷ்டியின் படை நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தா என்ற கருத்து அதில் இடம்பெற்றிருந்தது. பயாப்ரா அதைக் காரணங் காட்டி மறுத்தது. களஞ்சியங்களில் உணவு இருந்தது, விமானங்கள் இருந்தன, விமானிகள் இருந்தனர். இரண்டு கையெழுத்துக்களுள் ஒன்று கிடைக்கவில்லை.

இக்காலத்தில் பயாப்ராவின் மருத்துவமனைகளில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் சிலர் ஒரு முடிவுக்கு வந்தனர். செஞ்சிலுவையில் சேரும்போது, கண்டதை வெளியே சொல்வதில்லை என்று அவர்கள் வாக்குக் கொடுத்திருந்தனர். மாக்ஸ் ரெக்காமியே, பெர்னார் குஷ்னேர் முதலியோர் அவ்வாக்கை மீறினர். பிரான்சுக்குத் திரும்பிப் பத்திரிகைகளில் எழுதினர். குழுவின் மௌனத்துக்கு முன் வரலாறு இருந்ததை அவர்கள் அறிவர். 1942 ஒக்டோபர் 14ஆந் திகதி, நாசிகள் யூதரைக் கொன்றொழிப்பது பற்றிய செய்திகள் ஜெனீவாவை எட்டியிருந்தபோதிலும், பகிரங்க வேண்டுகோள் விடுப்பதில்லை என்று குழு முடிவு செய்தது. அது தோல்வி என்பதைப் பிற்காலத்தில் குழுவே ஏற்றுக்கொண்டது. அந்த மௌனம் இரண்டாம் முறை நிகழக்கூடாது என்பது இம்மருத்துவரின் எண்ணம். 1971 டிசெம்பரில் பாரிசில் எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பு உருவானபோது, இவர்களுட் சிலர் அதன் நிறுவுநராயினர்.

இவ்வரலாறு பெரும்பாலும் இந்த இடத்தில், மௌனத்தை வென்ற துணிவின் கதையாக முடிக்கப்படுகின்றது. அவ்வாறு முடிப்பது முழு நேர்மையன்று. பயாப்ராவில் இனக்கொலை நிகழ்கின்றது என்று அம்மருத்துவர் கூறினர். அச்சொல்லைப் பயாப்ரா அரசு, ஜெனீவாவிலிருந்த விளம்பர நிறுவனமொன்றின் வாயிலாக உலகெங்கும் பரப்பிவந்தது. பிரெஞ்சு அரசும் மறைமுகமாகப் பயாப்ராவுக்கு ஆயுதம் அளித்துவந்தது. 1968 இறுதியில் சமஷ்டிப் பகுதிக்குச் சென்ற சர்வதேச அவதானிகள் இனக்கொலைக்குச் சான்று காணவில்லை. போர் முடிந்தபின் எல்லாரும் அஞ்சிய பெரும் படுகொலையும் நிகழவில்லை. பஞ்சம் உண்மை, சாவு உண்மை. இறந்தோர் தொகை ஐந்து இலட்சம் என்பாரும் இருபது இலட்சத்துக்கு மேல் என்பாரும் உளர். ஆயினும் அப்பஞ்சத்துக்கு முற்றுகையிட்டவரும், தரைவழியை மறுத்தவரும் ஆகிய இருவரும் பொறுப்பாளர் என்பதை, பேசத் துணிந்த மருத்துவர் பேசவில்லை. அவ்வமைப்பின் பிற்கால உறுப்பினரே இக்குறையை எடுத்துரைத்திருப்பது பாராட்டத்தக்கது. மௌனம் ஒரு தரப்புக்குத் துணையாவது போலவே, பேச்சும் மறு தரப்புக்குக் கருவியாகக்கூடும்.

செஞ்சிலுவை இயக்கத்தின் உள்ளேயே இப்பூசலின் நிழல் விழுந்தமை பலர் அறியாதது. அவ்வியக்கத்தின் விதிப்படி ஒரு நாட்டில் ஒரு தேசிய சங்கம் மட்டுமே இருத்தல் கூடும். அதுவும் சுதந்திர அரசொன்றின் நிலத்தில்தான் அங்கீகாரம் பெறும். பயாப்ராவில் தனிச் செஞ்சிலுவைச் சங்கம் ஒன்று இயங்கிற்று. குழு அதனோடு சேர்ந்து பணியாற்றிற்று, அங்கீகரிக்கவில்லை. அங்கீகரித்திருந்தால் ஒரு நாட்டை அங்கீகரித்ததாகும். பணியாற்றாதிருந்தால் குழந்தைகள் இறந்திருப்பர். தன்சானியா, கபோன், ஐவரிகோஸ்ட், சாம்பியா, ஹெயிட்டி ஆகிய ஐந்து நாடுகளே பயாப்ராவை ஏற்றிருந்தன. மூன்றாம் உறுப்புரையின் அந்தச் சிறு வாக்கியம் காகிதத்தை விட்டு இறங்கி வாழ்ந்த இடம் இதுவே.

1970 ஜனவரி 15ஆந் திகதி பயாப்ரா சரணடைந்தது. கோவன் பழிவாங்கலைத் தடுத்தார். அது வரலாற்றில் அவருக்குரிய பெருமை. ஆனால் நிவாரணத்தில் அவர் கணக்கை மறக்கவில்லை. பயாப்ராவுக்கு உதவிய சபை அமைப்புகளின் உணவும், போர்த்துக்கல், பிரான்சு முதலிய நாடுகளின் உதவியும் வேண்டாம் என்றார். சாஓ தோமேயில் மூட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. கடலுக்கு அப்பால் பசி தீர்ந்தபாடில்லை. கிழக்கில் பணியாற்றிய வெளிநாட்டுப் பாதிரிமார் பலர் வழக்கிடப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். பட்டினியைப் போர் முறையாகக் கையாள்வதைத் தெளிவாகத் தடைசெய்யும் விதிகள் 1977ஆம் ஆண்டு மேலதிக நெறிமுறைகளிலேதான் வந்தன. அவற்றுள் இரண்டாவது, உள்நாட்டுப் போருக்கும் அத்தடையை விரித்தது. 1970இன் முற்பாதியில், பழைய முற்றுகை எல்லைக்குள் உணவு பகிரும் பொறுப்பு நைஜீரியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் விடப்பட்டது. அதன் பாரவண்டிகள் பகலிலே, பெருஞ்சாலை வழியே, முன்பு பயாப்ரா மறுத்த அதே தரைவழியில் சென்றன.